பழி குளிருக்கு, பாவம் இருட்டுக்கு

ஐரோப்பாவிலோ கனடாவிலோ தொட்டியில் பனைக்குடும்பத்து மரம் வளர்த்துப் பறிகொடுத்தவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “குளிர் தாங்கலை.” கேட்பவரும் தலையாட்டிவிடுவார். வெப்பமண்டலத்து மரத்தைக் கொண்டுபோய்ப் பனி பெய்யும் ஊரில் வைத்தால் வேறென்ன ஆகும்? இந்தப் பதில் யாரையும் உறுத்துவதில்லை. பருவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வசந்தத்தில் இன்னொரு கன்று வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரருக்கும் அது வசதிதான்.

இந்த நம்பிக்கையிலிருந்து ஒரு முழு வளர்ப்புமுறையே கிளம்பியிருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் மரத்தை வீட்டுக்குள் தூக்கு. ஜன்னலோரம் சில்லென்று இருக்கும், ஆகவே அறையின் உட்பக்கம் தள்ளி வை. ரேடியேட்டர் பக்கமாக வைத்தால் இன்னும் நல்லது. வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்று. ஓலை காய்ந்தால் கூடுதலாக ஊற்று. காலையும் மாலையும் ஓலை மேல் தண்ணீர் தெளி. இவ்வளவையும் பயபக்தியோடு செய்தவர்கள் பிப்ரவரி கடைசியில் குருத்தைத் தொட்டு இழுத்தால் அது அழுகிக் கையோடு வந்துவிடுகிறது. வீட்டுக்குள் 21 டிகிரியில் பத்திரமாக இருந்த மரம் எந்தக் குளிரில் செத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். குளிர்நாட்டு வீடுகளில் தொட்டிப் பனைகள் சாவதில் குளிரின் பங்கு சிறியது. இருட்டு அவற்றைப் பட்டினி போடுகிறது. அறையின் சூடு அந்தப் பட்டினியை விரைவுபடுத்துகிறது. கடைசி அடியைத் தண்ணீர் கொடுக்கிறது. காப்பாற்றுவதாக நினைத்து நாம் செய்யும் காரியங்கள்தான் இந்த மூன்றுக்கும் கதவைத் திறந்துவிடுகின்றன.

முதலில் இந்த ‘வெப்பமண்டல மரம்’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். பனைக்குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் வாழ்பவை என்பது உண்மை. அதிலிருந்து எல்லாப் பனைக்கும் வெக்கை வேண்டும் என்று ஒரே தாவாகத் தாவுவதுதான் பிழை. கொலம்பியாவின் தேசிய மரமான மெழுகுப் பனை, பூமத்திய ரேகைக்கு வடக்கே நான்கைந்து டிகிரியில் உள்ள கொகோரா பள்ளத்தாக்கில் நிற்கிறது. வரைபடத்தில் பார்த்தால் கன்னியாகுமரியை விடவும் வெப்பமண்டலத்தின் நடுவே இருக்கும் இடம். ஆனால் மரம் நிற்பது 2,000 மீட்டருக்கும் மேலே, மேகம் உரசும் ஆண்டீஸ் மலைச்சரிவில். உலகிலேயே மிக உயரமாக வளரும் பனை அதுதான்; 50 மீட்டரைத் தாண்டுகிறது. ஏறத்தாழ ஊட்டியின் உயரம், ஊட்டியின் குளிர். அதே மரத்தைக் கடற்கரை வெக்கையில் நட்டால் தேறுவதில்லை. இந்தியாவிலேயே உத்தராகண்டின் குமாவூன் மலைகளில், குளிர்காலத்தில் பனி விழும் உயரத்தில், ட்ராக்கிகார்பஸ் தகில் என்ற பனை வளர்கிறது. ‘பனை என்றால் சூடு’ என்ற சமன்பாட்டை இவை இரண்டும் சட்டை செய்வதே இல்லை.

குளிர்நாட்டு வீடுகளில் நூறாண்டுக்கும் மேலாக முதலிடம் பிடித்திருக்கும் கென்டியா என்ற பனையைப் பாருங்கள். ஆஸ்திரேலியக் கரைக்குக் கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் தனித்துக் கிடக்கும் லார்டு ஹோவ் தீவு அதன் ஒரே தாயகம். அங்கே கோடையில்கூட 30 டிகிரியைத் தொடுவது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்தத் தீவின் பிழைப்பே கென்டியா விதை ஏற்றுமதியாக இருந்தது. 1918இல் மகாம்போ என்ற நீராவிக் கப்பல் தரைதட்டியபோது கரையேறிய எலிகள் அந்த விதைகளைத் தின்று தீர்த்து, வணிகத்தையே ஆட்டிவைத்தன. (எலிகளை ஒழிக்கும் பெருமுயற்சி 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) அவ்வளவு விதையும் போய்ச் சேர்ந்தது எங்கே? இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளின் வரவேற்பறைகளுக்கும் ஓட்டல் கூடங்களுக்கும். வீடு முழுவதும் சூடேற்றும் குழாய்கள் சாதாரணக் குடும்பங்களை எட்டாத காலம் அது. ஓர் அறையில் கணப்பு எரியும். மற்ற அறைகள் விறைத்துக் கிடக்கும். கென்டியா பெயர் வாங்கியது அந்தக் குளிர்ந்த வீடுகளில்தான்.

அப்படியென்றால் சூட்டின் மேல் இத்தனை பக்தி எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வரலாறு. 1820களில் லண்டனின் ஹாக்னி பகுதியில் லாடிஜஸ் குடும்பத்தார் நடத்திய நாற்றுப்பண்ணையில் நீராவியால் சூடேற்றிய பெரிய பனைக்கூடம் ஒன்று இருந்தது. கூரையிலிருந்து செயற்கை மழை பொழியவும் அங்கே ஏற்பாடு செய்திருந்தார்கள். பிறகு கியூ தாவரவியல் தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும் எழுப்பிய இரும்புக் கண்ணாடி மாளிகை வந்தது. தரைக்கடியில் கொதிகலன்கள், புகையைத் தொலைவிலுள்ள கோபுரத்துக்குக் கொண்டுபோகச் சுரங்கம். பார்க்க வந்த மக்கள் மலைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் வெக்கை, மூக்குக்கண்ணாடியை மறைக்கும் ஆவி. பனை வளர்ப்பதென்றால் இதுதான் என்ற எண்ணம் பொதுப்புத்தியில் அப்போதே பதிந்துவிட்டது.

ஆனால் அந்தக் கட்டடத்தின் சுவர் எது, கூரை எது? அத்தனையும் கண்ணாடி. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது 1845இல். கண்ணாடி வீடுகள் பெருகியதற்கு அது பெரிய காரணம். நாலாபுறமும் வெளிச்சம் கொட்டும் இடத்தில் நீராவிச் சூடு பொருத்தமானது. வீட்டுக்குத் திரும்பியவர்கள் நீராவியை நினைவில் வைத்துக்கொண்டு கண்ணாடியை மறந்தார்கள். செங்கல் சுவரும் திரைச்சீலையும் கொண்ட அறையில் சூட்டை மட்டும் நகலெடுத்தார்கள். இன்றுவரை நடப்பது அந்த அரைகுறை நகல்தான்.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குப் போனால் முற்றிலும் வேறு மரபு. வெர்சாய் அரண்மனையின் ஒராஞ்சரியை ஜூல் ஆர்துவான்-மான்சார் 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டினார். பருத்த சுவர்கள், தெற்கு நோக்கிய உயரமான ஜன்னல்கள். கணப்புக் கிடையாது. மரப்பெட்டிகளில் வளரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன: ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அவற்றோடு பனைகளும். உள்ளே வெப்பநிலை உறைநிலைக்குச் சில டிகிரி மேலே நிற்கும், அவ்வளவுதான். மே மாதம் பெட்டிகள் முற்றத்துக்கு வரும். அக்டோபரில் உள்ளே போகும். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் கோடையில் குளத்தைச் சுற்றி நிற்கும் பெரிய ஈச்ச மரங்களுக்கும் இதே வாழ்க்கைதான். குளிர்காலத்தில் அவற்றுக்குத் தண்ணீரும் மிகச் சொற்பம். அவற்றில் எதன் மேலும் யாரும் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருக்கின்றன.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கும்: ஈச்சை பாலைநில மரமாயிற்றே, இரவுக் குளிர் அதற்குப் பழக்கம், மழைக்காட்டுப் பனையை அதோடு எப்படிச் சேர்ப்பது? சேர்க்கவில்லை. மழைக்காட்டுப் பனைக்கு எது குறைகிறது என்பதைத் தனியாகவே கணக்குப் போடுவோம்.

தெளிந்த வானத்தில் உச்சி வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு, அதாவது 1,000 அல்லது 2,000 லக்ஸ். அந்த நிழலிலேயே பிறந்து வளர்ந்தது மெக்சிகோ, குவாதமாலா காடுகளின் பார்லர் பாம். அறைக்குள் வைக்க இதைவிடச் சாதுவான பனை கிடையாது. இப்போது டிசம்பர் மாத லண்டனுக்கு வருவோம். நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 15 டிகிரிதான் ஏறுகிறது. அதே நாளில் சென்னையில் 53 டிகிரி ஏறும். பகல் எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஆஸ்லோவில் ஆறு மணி நேரம்கூட இல்லை. வானமோ பெரும்பாலும் மூடிக் கிடக்கிறது. வெளியிலேயே சில ஆயிரம் லக்ஸ்தான் என்னும்போது, ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, சோபாவுக்குப் பின்னால், நூறோ இருநூறோ மிஞ்சினால் பெரிது. நடுக்காட்டின் தரைகூட நம் வரவேற்பறை மூலையைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. அதுவும் அங்கே நாளெல்லாம் பன்னிரண்டு மணி நேரம்.

நம் கண் இதில் நம்மை ஏமாற்றுகிறது. பாப்பா விரிந்து சுருங்கி, ஆயிரம் லக்ஸையும் நூறு லக்ஸையும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டிவிடும். “அறை நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு” என்கிறோம். செய்தித்தாள் படிக்கப் போதுமான வெளிச்சம் அது. இலை சோறு பொங்கப் போதாது. கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் இல்லைதான். ஆனால் ஜன்னலோரத்துக்கும் மூலைக்கும் இடையில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று பார்த்தாலே போதும், பலர் மரத்தை அன்றே இடம் மாற்றிவிடுவார்கள்.

அடுத்து வருவதுதான் இந்த வழக்கின் மையம். மரத்துக்கு ஒளியால் வருவது வரவு, மூச்சுவிடுவது செலவு. மூச்சுவிடும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மங்கிய ஒளியிலோ வரவை நிர்ணயிப்பது வெளிச்சம் மட்டுமே. சூட்டைக் கூட்டினால் வரவு கூடாது. ஆக, இருண்ட மூலையில் 12 டிகிரியில் இருக்கும் கென்டியாவும் அதே மூலையில் 22 டிகிரியில் இருக்கும் கென்டியாவும் ஒரே அளவு சம்பாதிக்கின்றன. பின்னது இரு மடங்கு செலவழிக்கிறது. முன்னது தண்டில் சேர்த்து வைத்த கையிருப்பைக் கொண்டு மார்ச் வரை தள்ளிவிடும். பின்னதன் கையிருப்பு ஜனவரியிலேயே தீர்ந்துவிடலாம். ரேடியேட்டர் பக்கத்தில் இழுத்து வைத்தவர் தன் மரத்துக்குச் செய்தது இந்த உபகாரம்தான்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சி தென்னை. பாதித் தேங்காய் மண்ணுக்கு மேலே தெரிய, இரண்டு மூன்று ஓலையோடு நிற்கும் கன்றுகளை ஐரோப்பியக் கடைகளில் விற்கிறார்கள். பார்த்ததும் கை நீளாத தமிழர் குறைவு. வாங்கியவர் வீடுகளில் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள், மிஞ்சினால் இரண்டாம் குளிர்காலத்தில், அது போய்விடுகிறது. இதைவிடக் குளிருக்கு எதிரான சான்று வேண்டுமா என்பார்கள்.

அந்தச் சாவையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சுபோல் ஓர் உருண்டை இருக்கும். தள்ளுவண்டியில் தேங்காய்ப் பூ என்று வாங்கித் தின்கிறோமே, அதேதான். யாழ்ப்பாணத்தார் பூரான் என்பார்கள். பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டும் உறுப்பு அது. கன்று முதல் ஓராண்டு வாழ்வது பெருமளவு அந்தச் சீதனத்தில்தான். ஓலைகள் உழைத்துச் சம்பாதிப்பது மெல்ல மெல்லத்தான் தொடங்கும். கடையில் விற்கும் கன்று ஏற்கெனவே பல மாதங்களைக் கழித்துவிட்டது. வீட்டு வெளிச்சத்தில் அதற்குச் சம்பாத்தியம் இல்லை. ஆனாலும் பச்சையாக நிற்கும், ஓர் ஓலைகூட விடும். எல்லாம் காயின் தயவு. காய் தீர்ந்த மாதத்தில் கன்றும் தீர்கிறது. அந்த மாதம் குளிர்காலமாக அமைந்துவிட்டால் பழி குளிருக்கு.

தென்னைக்குக் குளிர் ஆகாது என்பதை நான் மறுக்கவில்லை. நாளெல்லாம் 27 டிகிரி சுற்றி இருந்தால் அதற்கு மகிழ்ச்சி. 20க்குக் கீழே வளர்ச்சி சுணங்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரியில் பல நாள் கிடந்தால் மீளாது. வேர் நனைந்த குளிரை அறவே தாங்காது. ஆனால் முழு வெயிலும் அதே அளவு வேண்டிய மரம் அது. குளிர்நாட்டு வீடு எதுவும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கப்போவதில்லை. தொட்டி வளர்ப்புக்கு மிகப் பொருந்தாத பனையை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் சாவிலிருந்து குடும்பம் முழுமைக்கும் சட்டம் எழுதுவது என்ன நியாயம்?

தண்ணீர்க் கதை சிறியது, கொடியது. ஒளி குறைந்த மரம் தண்ணீரைக் குடிப்பதில்லை. கோடையில் மூன்று நாளில் காய்ந்த தொட்டி டிசம்பரில் மூன்று வாரம் ஈரமாக இருக்கும். நாமோ ஞாயிற்றுக்கிழமை தோறும் கடமை தவறாமல் ஊற்றுகிறோம். காற்றில்லாத ஈர மண்ணில் வேர் அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாததால் ஓலை நுனி காய்கிறது. காய்ந்த நுனியைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம். பனைக்கு ஒரே ஒரு வளர்முனை. குருத்து போனால் பக்கத்தில் துளிர்க்க வேறொன்று கிடையாது. (அரிக்கா பாம் போல் கொத்தாக வளர்பவை மட்டும் விலக்கு, ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.) தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்பதும் பரவலான நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு அந்த ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருங்கி வரும், அதுதான் பலன். பெரிய தொட்டியில் வைத்தால் பெரிதாக வளரும் என்பதும் அப்படியே. வேர் எட்டாத மண் நனைந்த மண்ணாகவே கிடக்கும். ஐரோப்பிய நாற்றுப்பண்ணைகள் பனைக்கென்றே குறுகலான, ஆழமான தொட்டிகளைச் செய்வது சும்மா அல்ல.

ஓலை மேல் தண்ணீர் தெளிப்பது அறையின் ஈரப்பதத்தைச் சில நிமிடங்களுக்கு உயர்த்தும். பிறகு ரேடியேட்டர் அதை உறிஞ்சிவிடும். அந்த வறண்ட சூட்டில்தான் செஞ்சிலந்திப் பேன் பல்கிப் பெருகுகிறது. ஓலையின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பதும், மரத்தைச் சூடு குறைந்த அறைக்கு மாற்றுவதும் ஆயிரம் தெளிப்புக்குச் சமம். பழுத்த அடி ஓலையை உடனே வெட்டும் பழக்கமும் கெடுதல். சாம்பல் சத்துக் குறைந்த பனை அதைப் பழைய ஓலையிலிருந்து உறிஞ்சிப் புதிய ஓலைக்கு அனுப்புகிறது. முழுதும் காயும் முன் வெட்டினால் குறைபாடு அடுத்த ஓலைக்கு ஏறும்.

இனி வணிகத்தின் பங்கு. விற்கும் பனைகளில் பல, வெயில் கொட்டும் ஊர்களில் வேகமாக வளர்க்கப்பட்டவை. முழு வெயிலில் உருவான ஓலை நிழலில் வேலை செய்யத் தெரியாத ஓலை. புளோரிடாவின் அப்போப்கா ஆய்வு நிலையத்தில் கோனோவரும் பூலும் 1970களிலேயே, உள்ளறைச் செடிகளை நிழல்வலையின் கீழ் வைத்துப் பழக்கிய பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆய்ந்து சொன்னார்கள். அப்படிப் பழக்குவதற்கு மாதங்கள் ஆகும். மாதம் என்றால் காசு. மடகாஸ்கரிலிருந்து வந்த அரிக்கா பாம் மலிவாகக் கிடைப்பதும் கென்டியா விலை மலைக்க வைப்பதும் இதனால்தான்: முன்னது வெயிலில் மளமளவென்று வளரும், பின்னது நிழலில் ஊர்ந்து வளரும். வீட்டு மூலையில் முடிவு நேர்மாறாக இருக்கும். இதோடு ‘காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்ற பட்டயம் வேறு. 1989இல் நாசாவுக்காக வுல்வர்ட்டன் செய்த ஆய்வு, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. 2019இல் கம்மிங்ஸும் வேரிங்கும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வீட்டில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடுகட்டச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்றார்கள். படுக்கையறையின் இருண்ட மூலையில் பனையை வைக்கத் தூண்டும் விளம்பரத்துக்கு உள்ள அடிப்படை இவ்வளவுதான்.

குளிருக்கு எல்லை இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறைபனி விழும் இரவில் அரிக்கா பாமை மாடியில் மறந்துவிட்டால் அது விடியலில் பிணம்தான். தொட்டி மரத்துக்கு இதில் கூடுதல் ஆபத்தும் உண்டு: தரையில் நட்ட மரத்தின் வேரை மண் காக்கும், தொட்டியின் வேரை நாலு பக்கமும் குளிர் சூழும். அரிக்காவுக்கு 13, 14 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பார்லர் பாமும் கென்டியாவும் 10, 12 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். ஜப்பானியர் எடோ காலம் தொட்டுச் சட்டியில் வளர்த்து வரும் ரேப்பிஸ் என்ற பனை அதற்கும் கீழே தாங்கும். கல் தரையின் சில்லிப்பு வேரில் ஏறாமலிருக்கத் தொட்டியின் அடியில் ஒரு பலகை போடுங்கள். இவை எல்லைகள். எல்லைக்குள் இருக்கும் ஓர் அறையை இன்னும் பத்து டிகிரி சூடாக்குவதால் மரத்துக்குக் கால் காசு நன்மை இல்லை.

காசு என்றதும் இதையும் கணக்குப் பார்த்துவிடலாம். கண்ணாடி அறையில் 1,500 வாட் ஹீட்டரை இரவில் எட்டு மணி நேரம் ஓட்டினால் 12 யூனிட். மரத்துக்கு மேலே 30 வாட் எல்.இ.டி. விளக்கைப் பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் 0.36 யூனிட். ஹீட்டரின் ஓர் இரவுச் செலவில் விளக்கு ஒரு மாதத்துக்கும் மேல் எரியும். சூட்டுக்குச் செலவழிப்பவர் மரத்தின் செலவையும் தன் செலவையும் சேர்த்து ஏற்றுகிறார். விளக்கு வாங்கியவர் மரத்துக்கு வரவைக் கொடுக்கிறார். அதையும்விட மலிவான வழி கோடை. ஜூனில் லண்டனின் பகல் பதினாறரை மணி நேரம், சூரியன் 62 டிகிரி உயரம். உறைபனிப் பயம் நீங்கிய மே நடுவில் மரத்தை வெளியே எடுத்து, முதல் இரண்டு வாரம் நிழலில் வைத்துப் பழக்கி, செப்டம்பர் வரை விட்டால் அது சேர்க்கும் கையிருப்பில் குளிர்காலத்தையே ஓட்டிவிடும். பார்லர் பாமும் கென்டியாவும் அங்கேயும் மர நிழலிலேயே இருக்கட்டும். வெர்சாய்த் தோட்டக்காரர்கள் முந்நூறு ஆண்டுகளாகச் செய்வதும் இதைத்தான்; அவர்களுக்கு விளக்கும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

ஊர் நினைவுக்காகப் பனங்கொட்டையைத் தொட்டியில் ஊன்றும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. பனை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். முளை மண்ணுக்குள் ஆழ இறங்கிக் கிழங்கு வைத்த பிறகே ஓலையைக் காட்டும். வெளியே தண்டு தெரியவே பல ஆண்டுகள் வேண்டும். தொட்டியில் கிழங்கு எடுக்கலாம், மரம் எடுக்க முடியாது. ஆசைக்கு வையுங்கள், அது உங்கள் இஷ்டம்.

மற்றவர்கள் இந்த அக்டோபரில் மரத்தை உள்ளே கொண்டுவரும்போது, வீட்டிலேயே வெளிச்சம் மிகுந்த ஜன்னலை அதற்குக் கொடுங்கள். அந்த அறை கொஞ்சம் குளிர்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கன்று வாங்கப் போகிறீர்களென்றால் கென்டியா வாங்குங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பார்லர் பாம். தென்னங்கன்றை மட்டும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.